எப்சிபாவின் பிடி அரிசி

பசி வந்துவிட்டால் நான் மனுஷனாகவே இருக்க மாட்டேன். அன்றைக்கும் காலையிலிருந்து கோவில்பட்டி ரயில் நிலையத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்குமாக ஆட்டோ ஓட்டிவிட்டு, மத்தியானம் நேரே அடுப்படியில் போய் நின்றேன். பானையில் உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே அரிசி இல்லை. அரிசி வாளியைத் திறந்தால் அடி தெரிந்தது.

"ஏட்டி எப்சி, அரிசி எங்கட்டி? நேத்துதான வாளி நெறையத் தட்டி வச்சேன்?"

என் மனைவி எப்சிபா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "போட்டுட்டேனே" என்றாள் நிதானமாக.

எங்கே போட்டாள் என்று அப்புறம்தான் கண்ணில் பட்டது. அலமாரியில் இருந்த பிடி அரிசி டப்பா நிறைந்து வழிந்தது. பக்கத்தில் தூக்குவாளி நிறைய அரிசி. என் டிபன் பாக்ஸிலும் அரிசி.

எங்கள் சபையில் இது பழைய வழக்கம். சோற்றுக்கு அரிசி களையுமுன் பெண்கள் ஒரு பிடி எடுத்து, ஜெபம் பண்ணித் தனியாகப் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதை ஆலயத்தில் கொண்டு கொட்டினால், பொங்கி, பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எப்சிபா இதை விட்டதில்லை. மில்லை மூடி எனக்கு வேலை போன வருஷம் கஞ்சிக்கே தாளம் போட்டோம். அப்போதும் பிடி சின்னதானதே தவிர நிற்கவில்லை. இப்போது ஒரு பிடி போட்டதை மறந்து இன்னொரு பிடி, அதை மறந்து இன்னொன்று என்று வாளியையே காலி பண்ணியிருக்கிறாள்.

"எல்லாத்தையும் கர்த்தருக்கே வச்சிட்டியே, எனக்கு ஒரு வாய் வைக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுச் செல்வமாரி ஆட்டுக்குட்டியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, எதுக்கு மதினிய ஏசுதீங்க?" என்றவள், அடுப்படியைப் பார்த்ததும் குட்டியை இறக்கி விட்டாள். போய் ஒரு சட்டியில் சோறும் புளிக்குழம்பும் கொண்டுவந்து வைத்தாள்.

நான் சாப்பிட்டேன். எப்சிபா சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானா இம்புட்டும் போட்டேன்?" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், நிறுத்த முடியாது என்று திருநெல்வேலி டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்தே சொல்லியிருந்தார். அதை அவள் அமைதியாகத்தான் கேட்டுக்கொண்டாள். அவளுடைய பயம் வேறு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நடந்த கூட்டத்தில், நியாயத்தீர்ப்பு நாளில் ஒவ்வொருவரும் நின்று பதில் சொல்லியாக வேண்டும் என்று பிரசங்கியார் தொண்டை கிழியக் கத்தினார். எத்தனையோ தடவை கேட்ட செய்திதான். முன்பெல்லாம் அவளுக்கு அதில் பயமே கிடையாது. விடியுமுன் முழங்காலில் நிற்பாள், உலை கொதிக்குமுன் பிடி அரிசி போடுவாள், விளக்குப் போட்டதும் குடும்ப ஜெபம். யாரோடாவது மனத்தாங்கல் என்றால் அன்றைக்கே போய்ப் பேசிவிட்டு வந்துதான் படுப்பாள். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு ரயிலுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி இருந்தவள் அவள். இப்போது டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"அன்னைக்கு அவர் முன்னால நிக்கும்போது, நீ என்ன செஞ்சேன்னு கேட்டா? எனக்கு ஒண்ணும் ஞாபகத்துல இருக்காதே. திருதிருன்னு முழிச்சிக்கிட்டு நிப்பனே."

"நான் பக்கத்துல நின்னு எடுத்துச் சொல்லுதேன்."

"அங்க ஆளுக்கு ஆள் தனித்தனியாத்தான் நிக்கணும். அதுபோக, ஒங்க கதையவே ஒங்களுக்குச் சொல்லி முடியாது."

நான் சிரித்தேன். அவள் அழுதாள். வேதம் தெரிந்தவள் அவள். ஜெபத்தில் தூங்கி வழிகிறவன் நான். என்னத்தைச் சொல்லித் தேற்றுவது?

மறுநாளிலிருந்து அவளோடு நானும் எழுந்தேன். முட்டி வலிக்க வலிக்க அவள் பக்கத்தில் முழங்கால் போட்டேன். அவள் ஒரு பிடி எடுத்ததும், மிச்சத்தைக் களைந்து உலையில் போட்டுவிட்டு வாளியைப் பரண்மேல் ஏற்றிவிடுவேன். சாயங்காலம் வேதம் வாசிப்பதும் என் வேலையானது. அவளுக்கு வரி தவறிப்போகிறது.

ஒருநாள் அந்தக் கடைசி நாளைப் பற்றிய அதிகாரமே வந்தது. பக்கத்தைத் தள்ளப் பார்த்தேன். "அதையே வாசிங்க" என்றாள். கர்த்தர் ராஜாவாக வந்து, மேய்ப்பன் செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிப்பதுபோல ஜனங்களைப் பிரிக்கிற இடம். வெளியே செல்வமாரி தன் ஆடுகளைப் பட்டியில் அடைக்கிற சத்தம் கேட்டது. எனக்குப் பசித்தது, நீங்கள் சோறு போட்டீர்கள் என்று ராஜா, தான் ஏற்றுக்கொண்டு வலது பக்கம் நிறுத்தினவர்களிடம் சொல்கிறார். அதற்கு அவர்கள் சொல்லும் பதிலை வாசித்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏட்டி எப்சி! அவியளுக்கும் ஞாபகம் இல்லட்டி!"

"யாருக்கு?"

"வலது பக்கம் நிக்கவியளுக்குத்தான். நாங்க எப்போ ஒமக்குச் சோறு போட்டோம்னு அவர்ட்டயே திருப்பிக் கேக்காவ. அவிய முழிக்காவ. ஏழைக்குப் போட்டது எனக்கே போட்டதுன்னு அவர்தான் சொல்லுதாரு. ராஜாதான் ஞாபகம் வச்சிருக்காரு."

அவள் என் மூக்கிலிருந்து கண்ணாடியை உருவி மாட்டிக்கொண்டாள். அந்த வரியில் விரலை வைத்து, உதடு அசைய வாசித்தாள். "ஆமா, முழிக்கத்தான் செய்யுதாவ" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் சாயங்காலம் அதே பயந்த முகத்தோடு வந்து நின்றாள். "அன்னைக்குக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

நேற்றுதானே சொன்னேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு புத்தகத்தை எடுத்தேன். அதே இடத்தில் அவளுக்கு அதே ஆச்சரியம், அதே சிரிப்பு. அதிலிருந்து தினமும் அந்த அதிகாரம்தான். அந்த நேரத்துக்கு மதுரை ரயில் வரும், நல்ல சவாரி கிடைக்கும். நான் போவதில்லை.

நேற்று சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தவள், கண்ணாடியைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டாள்: "சரி, ஒங்களக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். "நான் என்னத்தட்டி செஞ்சேன்? எனக்கு ஒண்ணும் தட்டுப்படல."

அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தாள்.

"அப்போ நீங்களும் என் பக்கத்துலதான் நிப்பீங்க" என்றாள்.