லக்கேஜ் டப்பாவுக்கு இருநூற்றைம்பது சொல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, மனுவாகப் பிறந்தது. இருநூற்றைம்பது சொல்லுக்குள் ஆங்கிலத்தில் நான் எழுதிக் கொடுத்த அந்த மனு இப்போது டெல்லியில், மக்களவை நடவடிக்கைப் பதிவில் அச்சாகிக் கிடக்கிறது. அங்கே அதை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன் என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் மரியாதை வரும். ஆனால் காரணம் அதில்லை. ஒரு பெண்மணி என்னிடம் பந்தயம் கட்டியிருக்கிறாள். என்ன பந்தயம் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாள் முழித்தேன்.

'காலை பதினொரு மணிக்கு மக்களவை கூடியது. தலைநகரின் அகன்ற சாலைகளில்...' (அடித்துவிட்டேன். டெல்லிக்கு நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் மச்சினி கல்யாணத்துக்கு.)

'தாராவி மெல்லக் கண் விழித்தது...' (இதையும். அது எப்போது தூங்கியது, விழிக்க?)

'கோகிலவாணி இட்லி ஏனத்தைத் தூக்கிக்கொண்டு சயான் ஸ்டேஷன் படியில்...'

சரி, இவளை வைத்தே போகலாம்.

2

கோகிலவாணிக்கு நாற்பத்திரண்டு வயது. சயானில் லோக்கல் ஏறி, குர்லாவில் மாறி, வாஷியில் இறங்கி, ஒரு ஆபீஸ் கட்டடத்தின் ஓரமாக இட்லி விற்கிறாள். அந்தக் கட்டடத்தில் நான் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டினேன். மாட்டுங்காவில் பிறந்து செம்பூரில் குடியேறியவனுக்கு இட்லி விஷயத்தில் கொஞ்சம் திமிர் இருக்கும். அவள் இட்லியைத் தின்ற முதல் நாளே எனக்கு அந்தத் திமிர் போய்விட்டது.

(முதல் பிரதியில் அவள் கணவன் பூதத்தானையும் கொண்டுவந்திருந்தேன். நல்ல மனிதர், வாயைத் திறந்தால் கேலி. ஆனால் சம்பவம் நடந்த அன்று அவர் டிராம்பேயில் வேலையில் இருந்தார். இல்லாத ஆளை உட்கார வைத்து ஜோக் சொல்ல வைப்பது அவருக்கே பிடிக்காது. எடுத்துவிட்டேன்.)

இட்லி கோகிலாவுடையது, சாம்பாரும் வடையும் ஆபிதாவுடையது. ஆபிதா கடையநல்லூர்க்காரி, கோகிலாவுக்கு ஏழு வயது மூத்தவள், அதனால் மைனி. பதினோரு வருஷம் இரண்டு பேரும் ஒரே லக்கேஜ் டப்பாவில்* போய் வந்தார்கள். டப்பாவுக்குள் ஒருத்தி மூச்சுவிட நகர்ந்தால் மற்றவள் அவள் ஏனத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். வாஷியில் எங்கள் ஆபீஸ் ஆட்கள் அந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாகத்தான் நினைத்து வைத்திருந்தோம். யார் இட்லி, யார் சாம்பார் என்று எனக்கே ஒரு வருஷம் கழித்துத்தான் விளங்கியது.

* சரக்கோடு போகிறவர்களுக்காக லோக்கல் ரயிலில் விட்டிருக்கும் பெட்டி. மீன்கூடை, பூமூட்டை, பால் கேன், இத்தனைக்கும் இடுக்கில் மனிதர்கள். பெண்களுக்கென்று அதில் தனி மூலை கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், நடுவழி ஸ்டேஷன் ஒன்றில், இறங்குகிற கும்பலும் ஏறுகிற கும்பலும் முட்டிக்கொண்டதில் ஆபிதாவின் கேன் சாய்ந்தது. சாம்பார் கொதிக்கக் கொதிக்க வலது காலில் கொட்டியது. கால் ஆறிவிட்டது. ஆபிதா மட்டும் மறுபடி ரயில் ஏறவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து, தோல்பைகளில் தையல் நூல் பிசிறு வெட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டாள்.

கோகிலா தனியாகப் போய் வந்தாள். வெறும் சட்னியோடு இட்லி கொடுத்தாள். வாரத்துக்கு நாலு நாள் ஆபிதா வீட்டு வாசலில் போய் நின்று, மைனி வாங்க, மைனி வாங்க என்று கெஞ்சினாள். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் ஆபிதா ஒரு நாள் சொன்னாள்:

"ஏளா, டெல்லில அந்தப் பெரிய சபையில ஒரு ஆளு எந்திச்சு நின்னு நம்ம டப்பாவப் பத்திச் சத்தமாச் சொல்லட்டும். அன்னைக்கு நான் கேன்ன தூக்குதேன்."

இனிமேல் என்னை விட்டுவிடு என்பதற்கு அவள் சொன்ன விதம் அது. யாருக்கும் புரியும். கோகிலவாணிக்குப் புரியவில்லை. மறுநாள் சட்னியை ஊற்றிக்கொண்டே என்னிடம், சார், டெல்லில பேச வைக்கணும்னா யாருகிட்ட எழுதணும் என்று கேட்டாள்.

3

அவள் தமிழில் சொன்னாள், நான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு மக்களவை உறுப்பினருக்கு அனுப்பினோம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், நல்ல மனிதர், அது போதும். முன்னூற்று எழுபத்தேழாம் விதி என்று ஒன்று இருக்கிறது. பொதுநலமான ஒரு விஷயத்தை உறுப்பினர் ஒருவர் இருநூற்றைம்பது சொல்லுக்குள் எழுதி, எழுந்து நின்று சபையில் வாசிக்கலாம். நாலு மாதம் கழித்து அவர் ஆபீஸிலிருந்து எனக்குப் போன் வந்தது: இந்தத் தேதி, மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல்.

கோகிலா அன்றைக்கு வியாபாரத்துக்கு லீவு விட்டாள். கட்டாயமாக ஆபிதா வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஒரே அறை. ஆபிதாவின் மகள் ஷைஸ்தா, சயானில் காலேஜ் படிப்பவள், போனை டி.வி.யோடு இணைத்துக் கொடுத்தாள். கோகிலா எண்பது இட்லி அவித்து வந்திருந்தாள். ஆபிதா மூலையில் உட்கார்ந்து, எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிற முகத்தோடு நூல் வெட்டினாள். ஆனால் அன்று அவள் கட்டியிருந்தது பெருநாள் புடவை. அதை நான் கவனித்தேன், கோகிலாவும் கவனித்தாள்.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை கேள்வி நேரம். உரம், துறைமுகம், ஏதோ ஊருக்கு விமான நிலையம். பன்னிரண்டு அடித்ததும் கூச்சல். எதைப் பற்றி என்று எழுதப்போவதில்லை, உங்கள் வீட்டில் சண்டை வரும். உறுப்பினர்கள் சபையின் நடுவே வந்து அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். கோகிலா இரைச்சலுக்குள் நம்ம ஆள் எங்கே, நம்ம ஆள் எங்கே என்று தேடினாள். ஷைஸ்தா பால் வாங்கப் போயிருந்தாள்.

பன்னிரண்டு பதினொன்றுக்கு, சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். இன்று முன்னூற்று எழுபத்தேழில் பேச அனுமதி பெற்றவர்களின் விஷயங்கள் மேஜையில் வைக்கப்பட்டதாகக் கருதப்படும். ஐந்து விநாடிகூட ஆகவில்லை. பிறகு, சபை இரண்டு மணிக்கு ஒத்திவைப்பு.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. இனி யாரும் எழுந்து நிற்கமாட்டார்கள், சத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

"ரெண்டு மணிக்கா சார்? அப்போ சாப்ட்ருவோம்," என்றாள் கோகிலா.

சாப்பிடலாம் என்றேன்.

4

முதல் மூன்று பிரதிகளில் நான் அந்த அறையிலேயே இல்லை. செம்பூரில் வீட்டில் உட்கார்ந்திருந்ததாகவும், சாயங்காலம் போனில் கேள்விப்பட்டதாகவும் எழுதினேன். அந்தப் பிரதிகளில் நடை எவ்வளவு நன்றாக வந்திருந்தது தெரியுமா! வெட்கத்துக்கு இடமில்லாமல் போனால் நடை தானாக வந்துவிடுகிறது. கிழித்துப் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை? அந்தப் பெருநாள் புடவையைப் பார்த்துவிட்டு எந்த வாயால் சொல்வது என்பது ஒன்று. இன்னொன்று அசிங்கமானது. இதில் ஒரு கதை இருக்கிறது, பார்க்கலாம் என்று எனக்குள் ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.

ஆக, ஆறு மணி வரை அவர்கள் காத்திருந்தார்கள். முடிந்துபோன ஒன்றுக்காக ஆறு மணி நேரம். இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அது சந்தோஷமான ஆறு மணி நேரம்! இரண்டு மணிக்கு மேல் கப்பல் சரக்கு பற்றி ஒரு மசோதா வந்தது. ஆதரிப்பவர்கள் 'ஹா' சொல்லவும், எதிர்ப்பவர்கள் 'நா' சொல்லவும் என்று நாற்காலியில் இருந்தவர் கேட்டதும் கோகிலா டி.வி.யைப் பார்த்து 'ஹா' என்றாள். அடுத்த ஷரத்துக்கும் 'ஹா'. கப்பலப் பத்தி உனக்கு என்னளா தெரியும் என்றாள் ஆபிதா. கேக்காங்கள்ள மைனி, பாவம், பதில் சொல்லாண்டாமா என்றாள் கோகிலா. நாலாவது ஷரத்துக்கு ஆபிதாவே, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், 'நா' என்றாள். பிறகு இரண்டு பேரும் கட்சி பிரித்துக்கொண்டு மசோதாவை ஒரு வழி பண்ணினார்கள். ஷைஸ்தா சிரித்துப் புரை ஏறி, அரே பஸ் கரோ அம்மி, போதும் என்று கத்தினாள். ஏழு மாதத்தில் அந்த இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று கோகிலா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ஆறு மணிக்கு சபை கலைந்தது. நாளைக்கு வருமாயிருக்கும் என்றாள் கோகிலா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

5

முடிவுகள் என் கையில் மூன்று இருக்கின்றன.

ஒன்று: நீங்கள் சாப்பிடும்போது நம்ம ஆள் படித்துவிட்டார், நான் காதால் கேட்டேன் என்று பொய் சொல்கிறேன். ஆபிதா கேனைத் தூக்குகிறாள். (நாக்கு நுனி வரை வந்தது. சத்தியமாக.)

இரண்டு: அமைச்சரிடமிருந்து பதில் வருகிறது, பெட்டியில் ஒரு வாசல் பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது, இரண்டு பேரும் அதற்கு மாலை போடுகிறார்கள். இதை எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அதை எழுத வேண்டியவர்கள் வேறே இருக்கிறார்கள்.

மூன்று: சொன்னேன். பன்னிரண்டு பதினொன்றுக்கே முடிந்தது, எனக்கு அப்போதே தெரியும் என்று சொன்னேன். மேஜையில் வைத்ததாகக் கருதுவார்கள், அச்சில் வரும், அமைச்சர் எழுத்தில் பதில் போடுவார், இதுவும் நடந்ததாகத்தான் கணக்கு என்று விளக்கினேன். கோகிலாவுக்கு முகம் சுருங்கிப்போனது. காலி ஏனத்தை எடுத்துக் காரணமில்லாமல் துடைத்தாள்.

ஆபிதா கத்தரியைக் கீழே வைத்தாள். "அப்போ ஒருத்தரும் எந்திரிக்கல."

"இல்லம்மா."

"சரி. நீங்க எழுதுனத நீங்களாச்சும் படிங்க, கேப்போம்."

எழுந்து நின்று படித்தேன். ஆங்கிலத்தில் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். சிறு வணிகர்கள், புறநகர் ரயில், பயணிகள் பாதுகாப்பு. முடித்ததும் கோகிலா கேட்டாள்: "மைனியக் காணோமே சார்?"

வெட்டிவிட்டேன். பொதுநலம் என்றால் ஒரு ஆளைச் சொல்லக்கூடாது என்று நானாக நினைத்துக்கொண்டேன். சொல் எண்ணிக்கையும் இடித்தது. அவள் எதற்காக அந்த மனுவையே போட்டாளோ, அதைத்தான் வெட்டியிருந்தேன். சபை அவள் குரலை அமுக்க ஐந்து விநாடி எடுத்தது. அதற்கு நாலு மாதம் முன்பே அதை நான் செய்துவிட்டேன். கோகிலா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அப்போது ஆபிதா, கோகிலா சொன்ன மனுவில் தன் பெயரும் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டவள், கோகிலாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். புடவை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கதையெல்லாம் எழுதுவீகளாமே. எத்தன பேரு படிப்பாக?"

ஒரு நூறு பேர் என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

"அவ சொன்னத வெட்டாம அதுல போடுங்க. நூறுல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, எந்திச்சு நின்னு சத்தமாப் படிக்கட்டும். மனசுக்குள்ள படிச்சா செல்லாது. கேன்ன தூக்குதேன்."

இந்தத் தடவை அவள் அதை விளையாட்டாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பதாக ஷைஸ்தா பிற்பாடு மெசேஜ் அனுப்பினாள்.

6

இதற்கு மேல் என் கையில் ஒன்றுமில்லை. நீங்கள் பஸ்ஸில் இருக்கலாம், ஆபீஸில் இருக்கலாம், பக்கத்தில் யாராவது தூங்கிக்கொண்டிருக்கலாம். படித்ததாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கும். கொஞ்சம் எழுந்து நில்லுங்கள். அரை நிமிஷம்தான். கோகிலவாணி சொன்னது, சொன்னபடியே:

"ஐயா, லக்கேஜ் டப்பாவுல பொம்பளையாளுகளுக்கு ஒரு வாசல விட்டுத் தாங்க. காலைல ஏழுலருந்து பத்து வரைக்கும் போதும். உக்கார எடம் கேக்கல. ஏனம் வைக்கவும் ரெண்டு காலு ஊனவும் எடம் இருந்தாச் சரி. எனக்கு மட்டும்னா நான் எப்படியும் நின்னுக்கிடுவேன். ஆபிதா மைனி வந்து பக்கத்துல நிக்கணும், அதுக்குத்தான் கேக்கேன்."