இருபத்தேழு வயது முகம்

பெப்டைடு என்றால் புரதத்தின் சின்னத் துண்டு. அதைத் தோலில் தடவினால், எங்கோ சேதம் நடந்துவிட்டது என்று தோல் நம்பி, புதிதாகக் கொலாஜன் செய்யத் தொடங்குமாம். அதாவது, தோலிடம் சொல்லும் பொய். கெமிஸ்ட்ரி இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்ட எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

லாட்ஜில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன். 2005 கார்த்திகை தீபத்துக்கு வந்து தங்கிய பிரெஞ்சுக்காரி ஒருத்தி, அறுபது வயதில் நாற்பதுபோல இருந்தவள், கிளம்பும்போது அந்தப் பெப்டைடு சீசாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான்தான் கேட்டேன். வெட்கப்படவில்லை. என் அக்கா எழிலரசிக்கு முப்பத்து நான்கு. தரகர் கருப்பன் இருபத்தேழு என்று சொல்லி ஒரு வரன் பேசிவைத்திருந்தார். "இதுவும் போச்சுன்னா என்னத் தேடாதீங்க" என்றும் சொல்லியிருந்தார்.

சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அக்கா சீசாவைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தண்ணீர்ப் பானைக்குள் தொங்கவிட்டாள். இரண்டு மாதம், காலையும் மாலையும் மூன்று சொட்டு. கண்ணோரக் கோடுகள் மங்கின. மருந்தாலா, அவள் வெயிலில் போகாமல் இருந்ததாலா, தெரியாது.

எனக்கு முப்பது. அவளுக்கு இருபத்தேழு என்றால் நான் அண்ணனாக வேண்டும். ஒரு வாரம் அப்படியே கூப்பிட்டுப் பழகினோம்.

"அண்ணே, சாப்பிட வாங்க."

"நக்கலா?"

"சும்மா இருடா, வாய்ல வரட்டும்."

மாசி மாதம் வேங்கிக்காலிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை ஆதிமூலம் கலெக்டர் ஆபீசில் கிளார்க். மீசைக்கு மை அடித்திருந்தார். அதை யாரும் குறையாகச் சொல்லப்போவதில்லை. அவர் அம்மா திரௌபதி, அக்காவை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இருபத்தேழா? இன்னும் கம்மியா தெரியுது."

எங்கள் அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அக்கா என்னைத் தடுமாறாமல் அண்ணே என்று கூப்பிட்டாள். ஆதிமூலம் அவளிடமே நேராகப் பேச ஆரம்பித்தார். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது, பார்த்தாலே தெரிந்தது.

"கலெக்டர் ஆபீஸ் இவ்ளோ தூரத்துல கட்டியிருக்கீங்களேன்னு தெனம் நாலு பேரு என்னத் திட்டறாங்க" என்றார்.

"இதுவாங்க தூரம்? நான் பத்தாவது முடிச்சிட்டு எம்ப்ளாய்மெண்ட்ல பதியறதுக்கு வேலூர் போனேன். போளூர் வழியா, முழுக்க நின்னுக்கிட்டே. அப்பல்லாம் நாம வட ஆற்காடு ஜில்லாதானே."

சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஜில்லா பிரிச்சது எண்பத்தொம்போதுல" என்றார், ஃபைலில் இருப்பதைப் படிப்பதுபோல. "அப்ப நீங்க அஞ்சாவதுதானே படிச்சிருக்கணும்."

ஏழு வருடத்தைச் சேர்த்து விழுங்கிய எங்களுக்கு, அந்த நிமிடத்தில் ஒரு சின்னப் பொய்கூட வரவில்லை.

"இன்னாடா?" என்றார் திரௌபதி.

"ஒண்ணுமில்லம்மா. கெளம்பலாம்."

சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. அம்மா அன்று முழுக்கத் திட்டினாள். "மூஞ்சியப் பாத்துக்கிட்ட, நாக்கப் பாத்துக்கிட்டியாடி?"

ஒரு மாதம் கழித்து அம்மாவே ஒரு வரனைப் பிடித்து வந்தாள். செங்கத்தில் உரக்கடை வைத்திருப்பவர். மனைவி இறந்து இரண்டு வருடம். ஐம்பது வயது, இரண்டு பையன்கள்.

அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என் வயசச் சொல்லிட்டியா?"

"சொல்லியாச்சு. அவங்க ஒண்ணும் கண்டுக்கல."

"அப்ப சரி. அங்க நான் வாயத் தொறந்து பேசலாம்."

கொஞ்ச நேரம் நறுக்கினாள். பிறகு கேட்டாள்: "பெரியவனுக்கு எத்தன வயசு?"

"பதினாறு" என்றாள் அம்மா.

"அப்ப அவனுக்கு அம்மான்னு சொல்ல முப்பத்து நாலு சரியாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா.