ஜெனரலின் வாளில் ரத்தம்

சாந்தா பிரிகிதா அருங்காட்சியகத்தில் தொமித்திலாவுக்கு இரண்டு வேலை. காலையில் பெருக்கித் துடைப்பாள்; ஒன்பது மணிக்கு மேல் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு காவலுக்கு நிற்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமை, விடுதலைப் போர் நாயகர் ஜெனரல் சல்தீவாரின் வாள் இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தபோதே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு விரியன் வெளியே வந்தது. முன்னால் நின்ற சிறுமியின் காலுக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை.

தொமித்திலா யோசிக்கவில்லை. வாளை எடுத்து ஓங்கி ஒரு வெட்டு. பாம்பு துண்டாகவில்லை, சீறிக்கொண்டு அவள் பக்கம் திரும்பியது. கடைசியில், கல்லில் துணி துவைப்பதுபோல் அடித்தேதான் கொன்றாள். எட்டாவது அடியில் பாம்பு ஓய்ந்தது, வாள் வளைந்தது.

பிள்ளைகளின் கூச்சல் கேட்டு இயக்குநர் எலியோதோரோ ஓடி வந்தார். பாம்பையும் பார்க்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை.

"வேற எதுவுமே கிடைக்கலியா உனக்கு?"

"கிடைச்சிருந்தா இதையா எடுப்பேன், ஐயா? இதுல வாழைக்காய்கூட நறுக்க முடியாது."

"வாயை மூடு. ஆத்தங்கரையில பதினேழு ஸ்பானியனை வெட்டின வாள் இது."

"இதால ஜெனரல் எப்படி வெட்டினாராம்? நீங்களே தொட்டுப் பாருங்க."

அந்தப் பதினேழு பேரைப் பற்றி அவர் ஒரு சிறுநூலே எழுதியிருந்தார். வாசலில் விற்பனைக்கு இருந்தது. இயக்குநராக இருந்த பதினோரு வருடத்தில் முதல் முறையாக வாளின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். கரண்டிக் காம்புபோல் இருந்தது. சாணையே பார்க்காத இரும்பு. அணிவகுப்பில் இடுப்பில் தொங்குவதற்கென்றே செய்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லிடாதே, தொமித்திலா."

"நான் சொன்னா யார் கேக்கப்போறாங்க, ஐயா?"

தலைநகர் கீட்டோவுக்கு அவர் அனுப்பிய அறிக்கையில் பாம்பு இல்லை. வாளில் ஒரு வளைவு காணப்படுவதாக மட்டும் இருந்தது. மூன்று வாரம் கழித்து அங்கிருந்து டாக்டர் லுக்ரேசியா என்ற நிபுணர், கையுறையும் பூதக்கண்ணாடியுமாக வந்து இறங்கினார். கைப்பிடியருகே காய்ந்திருந்த கறையைக் கண்டதும் அவர் குரல் தழுதழுத்தது.

"ரத்தம். எலும்புல மோதித்தான் வளைஞ்சிருக்கு. விளிம்பு இப்படி மழுங்கணும்னா எத்தனை பேரை வெட்டியிருக்கணும், பாருங்க."

எலியோதோரோ தன் காலணியைப் பார்த்தார். துடைப்பத்தோடு நின்ற தொமித்திலாவுக்குப் பொறுக்கவில்லை.

"அது பாம்பு ரத்தம்மா. போன மாசம் நான்தான் அடிச்சேன்."

நிபுணர் இயக்குநரிடம் திரும்பிச் சிரித்தார். "ஊர் ஜனங்க எவ்வளவு அழகா கதை கட்டறாங்க. இதையும் யாராவது எழுதி வைக்கணும்."

எலியோதோரோவின் கூச்சம் ஒரு வாரம் தாங்கியது. சிறுநூலின் இரண்டாம் பதிப்பில் பதினேழு பேர் இருபத்து மூன்று பேரானார்கள். கறையைத் துடைக்கக் கூடாது என்று பெட்டிமேல் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை தெரு முனைவரை நின்றது. கூட்டத்துக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பும் தொமித்திலா தலையில் விழுந்தது.

யாருடைய ரத்தம் என்று கேட்பவர்களிடம், "எதிரியோடது" என்பாள். அதில் பொய் இல்லை என்று அவளுக்கு ஒரு திருப்தி.

பாம்பு நுழைந்த சுவர் ஓட்டையை அடைக்கச் சொல்லி அவள் கொடுத்த மனுவுக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.