இன்று திமிங்கிலம் வரவில்லை

அக்காவும் அத்தானும் திமிங்கிலம் காட்டும் படகுச் சவாரி நடத்துகிறார்கள். நகரத்தில் பார்த்த இரவு வேலையை விட்டுவந்த நான் அவர்களுக்கு இணையதளம் செய்துகொடுத்தேன். ஒருமுறை எட்டிப் பார்த்தவர்கள் அதன்பின் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மாதக் கடைசிக்குள் பத்துப் பேராவது திரும்பி வராவிட்டால் அதை மூடிவிடுவதாக அக்கா சொல்லிவிட்டாள். எனக்கு வேறு பிழைப்பும் இல்லை.

"தினமும் பார்த்தோம்னு அடிச்சு விடுடா," என்றார் அத்தான்.

பொய் எழுத எனக்குச் சோம்பல். படகு கரைக்கு வந்ததும் உள்ளதை எழுதினேன்: இன்று திமிங்கிலம் வரவில்லை.

"எந்தக் கடைக்காரனாவது சரக்கு இல்லைன்னு போர்டு மாட்டுவானா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளும் வரவில்லை. அதையும் எழுதினேன். ஐந்தாம் நாள் பார்த்தால், முன்பு வந்தவர்களில் நாற்பது பேர் தளத்துக்குத் திரும்பி வந்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் முந்நூறு பேர். "இன்னைக்காவது வந்துச்சா?" என்று முகம் தெரியாதவர்கள் கேட்டிருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் நடுக்கடலிலிருந்து அத்தான் போனில் கத்தினார். "ரெண்டுடா! தாயும் குட்டியும்! சீக்கிரம் போடு!"

போட்டேன். அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஆயிரம் பேருடா! இன்னும் வர்றாங்க!"

கரையேறிய அத்தானுக்கு மூச்சு வாங்கியது. "டேய், நாளைக்கு வந்தாலும் வரலைன்னே போடு. அப்பத்தான் திரும்ப வருவாங்க."

"நீங்க படகை மட்டும் ஓட்டுங்க," என்றாள் அக்கா. "எழுதுறதை இனி எப்பவும் அவன் பார்த்துக்குவான்."