பூஜ்யப் பொத்தான்

கடைகளில் இருக்கும் எடை மிஷின்கள் ஒழுங்காகக் காட்டுகின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். கடைக்காரர்கள் எனக்கு ‘கிராம் சார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குப் பாம்புக் காது. இருபத்து மூன்று வருட சர்வீஸில் என் கண்ணில் மண்ணைத் தூவிய தராசு ஒன்றுகூட இல்லை என்று அக்காவிடம் அடிக்கடி பீற்றிக்கொள்வேன். அவளும் ஊசியில் நூல் கோத்தபடி “ஆமாடா, ஆமாடா” என்பாள்.

அக்கா தையல்காரி. மாமா போன பிறகு அவளும், கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காமலே காலத்தை ஓட்டிவிட்ட நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். முன்னறையில் அவளுடைய தையல் மிஷின், பின்னறையில் நான், நடுவில் சமையலறை. போன வருடம் அவள் கண் மஞ்சளித்தது, கால் வீங்கியது, கடைசியில் கல்லீரல் கெட்டுவிட்டது என்றார்கள். யாராவது தன்னுடையதில் ஒரு துண்டு கொடுத்தால்தான் பிழைப்பாள். சோதித்துப் பார்த்ததில் என்னுடையது பொருந்தியது. ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்தவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் டாக்டர் எதிரில் உட்கார்ந்தேன்.

“பொருந்துது, சரி. ஆனா உங்க ஈரல் பூரா கொழுப்பு. இப்படியே எடுத்து வெச்சா அவங்களுக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. எட்டு வாரத்துல ஆறு கிலோ இறங்கி வாங்க. அதுக்கு மேல அவங்களால காத்திருக்க முடியாது” என்றார் டாக்டர். நிமிர்த்திய நெஞ்சை அப்படியே மடக்கிக்கொண்டேன்.

அடுத்த அறையில் உணவு ஆலோசகர். கண்ணாடி போட்ட சின்னப் பெண்.

“சோறு, ரொட்டி, ரவை, தானியம்னு பேர் வெச்ச எதுவும் வேண்டாம் சார். ஆனா அதை நிறுத்தினா மட்டும் போதாது. காலியான இடத்துல எதைப் போடறீங்கங்கறதுதான் முக்கியம்” என்று மூன்று கட்டம் போட்ட தாளைக் கொடுத்தாள். ஒரு நாளைக்குப் புரதம் தொண்ணூறு கிராம், மாவுச்சத்து காயிலும் பயறிலுமாக எண்பது, கொழுப்பு ஐம்பது. “எல்லாத்தையும் எடை போட்டு எழுதணும். உங்களால முடியுமா சார்?”

என்னைப் பார்த்து! சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்கே சமையலறை மேடையில் ஒரு மிஷினை வைத்து, முத்திரையும் குத்தினேன். வாணலியில் எண்ணெய் ஊற்றுவேன், மிஷினில் ஏற்றுவேன், பூஜ்யப் பொத்தானை அழுத்துவேன். பிறகு முட்டை, எழுதுவேன். காய், எழுதுவேன். அவித்த பயறு, எழுதுவேன். அப்படியே அடுப்புக்கு. ஒரு பாத்திரம்கூட அதிகம் கழுவ வேண்டியதில்லை. சரக்கு வருவதற்கு முன் தட்டில் என்ன இருந்தாலும் அது எடையில் சேரக்கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அதை மீறிய எத்தனையோ கடைக்காரர்களைக் கடைவாசலிலேயே வைத்து வறுத்தெடுத்திருக்கிறேன்.

தானியம் இல்லாத வயிறு முதல் வாரம் என்னிடம் சண்டைக்கு வந்தது. எதிர்வீட்டுக் குழந்தை கையிலிருந்த ரொட்டித் துண்டை நான் பார்த்த பார்வையில் அது உள்ளே ஓடிவிட்டது. ஆனாலும் அசரவில்லை. புரதமும் மாவுச்சத்தும் கட்டத்துக்குள் கச்சிதமாக நின்றன. கொழுப்பு மட்டும் இருபதைத் தாண்டவே இல்லை. தாளில் ஐம்பது என்றல்லவா போட்டிருக்கிறது? கடமை தவறாதவனாக, மிச்சம் முப்பதையும் பாதாம், முந்திரி, வெண்ணெய்க்கட்டி என்று தினமும் நிரப்பினேன்.

இரண்டாவது வாரம் பேன்ட் இடுப்பில் தளர்ந்தது. தையல் மிஷின் முன்னால் போய் நின்று, பட்டியை ஒரு விரற்கடை இழுத்துக் காட்டினேன்.

“பாத்தியா? இறங்கிட்டேன்.”

“ஆமாடா” என்றாள் அக்கா. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் ஆலோசகர் அறையில் எடை பார்த்தேன். ஒன்றேகால் கிலோ ஏறியிருந்தது.

“மிஷின் தப்பு” என்றேன்.

“போன மாசம்தான் சார் செக் பண்ணினாங்க.”

“யாரு பண்ணினது?”

மறுநாள் அலுவலகத்திலிருந்து இருபது கிலோ படிக்கற்கள் நான்கை எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் என்பதால் அக்காவும் கூட வந்திருந்தாள். அந்தப் பெண்ணும், இரண்டு நர்ஸ்களும், வெளியே காத்திருந்த பாதிப் பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மூச்சு வாங்க ஒவ்வொரு கல்லாக ஏற்றினேன். எண்பது கிலோ, பூஜ்யம் பூஜ்யம் கிராம். என் வாழ்க்கையில் அவ்வளவு யோக்கியமான மிஷினைப் பார்த்ததில்லை. நான்கு கற்களையும் திரும்பப் பெட்டியில் அடுக்கியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலம் வாணலியை மிஷினில் ஏற்றிப் பொத்தானில் விரலை வைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள்.

“எண்ணெயை ஊத்திட்டு ஏன்டா பூஜ்யம் அழுத்தற?”

விரல் அப்படியே நின்றது. வாணலியைப் பார்த்தேன். குளம் போல எண்ணெய். தானியம் போன ருசியை ஈடுகட்ட நான் கொஞ்சம் தாராளமாகத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். எண்ணெயை ஒரு கிண்ணத்தில் வடித்துத் தனியாக எடை போட்டேன். முப்பத்தைந்து கிராம். மூன்று வேளைக்கு நூற்றைந்து. அதில் ஒரு சொட்டுகூட என் நோட்டில் இல்லை. இது போதாதென்று முந்திரி வேறு.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“முதல் வாரமே.”

“பேன்ட் தளர்ந்துச்சே?”

“நான்தான்டா பிரிச்சுத் தைச்சேன். அதுவும் ரெண்டு தடவை.”

பேன்ட்டைப் புரட்டிப் பார்த்தேன். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அறுபது வயசுக்காரியைப் பார்த்து, உடம்பு முடியாதவளைப் பார்த்து, வீடு அதிரக் கத்தினேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“உன் வயித்தைக் கிழிப்பாங்கன்னு நெனச்சாலே எனக்குத் தாங்கலடா. உனக்கு ஒண்ணுன்னா நான் பொழைச்சு என்ன பண்றது? நீயாவே தேறாமப் போயிட்டா யாருக்கும் பழி இல்லன்னு இருந்துட்டேன்.”

“அப்ப இப்ப மட்டும் எதுக்குச் சொல்ற?”

“காலையில அத்தனை பேர் முன்னாடி கல்லைத் தூக்கி வெச்சுட்டு முழிச்சுக்கிட்டு நின்னியே. இவ்ளோ பெரிய முட்டாளை ஏமாத்த மனசு வரல.” சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. “எனக்கும் இருக்கணும்போல இருக்குடா.”

நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதேன். வாணலி மிஷின் மேலேயே இருந்தது.

அதற்குப் பிறகு எண்ணெய்க் கரண்டி அக்கா கைக்குப் போனது. வெறும் வாணலி, பூஜ்யம், அதன் பிறகுதான் எண்ணெய். “அஞ்சு கிராம், எழுது” என்பாள். எழுதுவேன். முந்திரி டப்பாவைத் தன் நூல்கண்டுப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவி எங்கே என்று நான் இரண்டு முறை தேடியது அவளுக்குத் தெரியும்.

எட்டாவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “தேறிட்டீங்க. திங்கட்கிழமை ரெண்டு பேரும் வந்து படுத்துக்குங்க” என்றார். கேட்டதும் சடாரென்று எழுந்தேன். பேன்ட் எழவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த அக்காவைச் சந்தேகத்தோடு பார்த்தேன்.

“சத்தியமா நான் தொடலடா” என்றாள்.