காற்று ஏற்றிய எட்டு விளக்குகள்

1

எங்கள் யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருவிழாவான ஹனுக்காவின் எட்டாம் நாள், புதன்கிழமை சாயங்காலம், என் எட்டு விளக்குகளையும் காற்று அணைத்தது. பிறகு அதே காற்று திரும்பி வந்து, ஒன்று முதல் எட்டு வரை வரிசை தப்பாமல் ஏற்றிவைத்துவிட்டுப் போனது. எருசலேமில் நாற்பது வருடம் பேருந்து ஓட்டியவன் நான். இந்த ஊர்க் காற்றோடு எனக்கு நேரடிப் பழக்கம் உண்டு.

கதை பிறந்தது இப்படித்தான். இதை நம்பாத ஆள் இந்தச் சந்தில் ஒருவன்தான், எதிர்வீட்டு நூரியேல். கைக்கடிகாரம் பழுதுபார்த்தே கண்ணைக் கரைத்துக்கொண்டவன். எழுதிய தாள்களை அவன் கதவுக்கடியில் செருகுகிறேன். ஓரத்தில் பென்சிலால் ஏதாவது கிறுக்கி என் கதவுக்கடியில் திருப்பிச் செருகுகிறான். அதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

(பென்சில்: காற்று அணைக்கும். ஏற்றாது. பேருந்து ஓட்டியது இருபத்தாறு வருடம்.)

2

'நான்' என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை. 'அவன்' என்று எழுதினால் சாட்சி சொன்ன மாதிரி இருக்கிறது. ஆகவே இனி நான் சாஸோன். கதைக்காக நாலு விரல் உயரமும் கூட்டியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: 'அந்தக் காலத்தில், பகைவரிடமிருந்து கோயிலை மீட்டவர்களுக்கு ஒரே ஒரு நாளுக்கான எண்ணெய்ச் சாடி கிடைத்தது. அது எட்டு நாள்—'

வேண்டாம். ஒரு நாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்று சொன்னவர்கள் எட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த அடக்கம் எனக்கு வராது.

இரண்டாம் தொடக்கம்: 'நூரியேல் இந்தச் சந்திலிருந்து போகப் போகிறான்.'

இதை எழுதாமல் இருக்கத்தான் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இதுவே இருக்கட்டும்.

3

முதல் நாள் அந்தி. சந்தில் எல்லா வாசலிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு விளக்கு. நூரியேல் வாசலில் மட்டும் எட்டு. சாஸோன் செருப்பு மாட்டாமலே எதிர்ப்பக்கம் போனான்.

"கடைசி நாள் ஏத்தறதை இன்னிக்கே ஏத்தி வெச்சிருக்கியே, மறதியாடா?"

"பழைய குருமார்ல ஒருத்தர் இப்படித்தான் சொன்னார். எட்டுல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா குறைக்கணும்னு."

"அவர் தோத்துட்டாருடா. ஊரே ஒண்ணுல ஆரம்பிச்சு ஏறுது. புனிதமானதைக் கூட்டலாம், குறைக்கக் கூடாதுன்னு முடிவாகி எத்தனை காலமாச்சு."

"நீ ஏறு. நான் இறங்கறேன். ஒண்ணுக்கு வந்ததும் வீட்டைப் பூட்டிட்டு ஹைஃபாவுக்கு, பொண்ணு வீட்டுக்கு. அதுக்கப்புறம் வர்ற ஞாயித்துக்கிழமை காலைல வண்டி வருது."

கண் சரியில்லை, முழங்கால் சரியில்லை, சந்தில் இருநூறு படி ஏற முடியவில்லை என்று காரணங்கள் வந்தன. சாஸோன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவன் போய்விட்டால் தன் பேச்சை யார் கேட்பது என்று மட்டும் விசாரித்தான்.

"ஊரே கேக்குதே," என்றான் நூரியேல்.

"ஊரு நம்பிடுதுடா. அதுல என்ன சுகம்?"

(பென்சில்: நாற்பத்திரண்டு படி.)

4

இந்த இடத்தில் கதையை நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஐந்துக்குப் போகலாம். அங்கே காற்று காத்திருக்கிறது.

இந்த விளக்குகளை வைத்து ஒரு வேலையும் செய்யக் கூடாது. படிக்கக் கூடாது, தொலைந்த பொத்தானைத் தேடக் கூடாது. பார்க்கலாம், அவ்வளவுதான். வருடம் முழுக்க வெளிச்சத்தை வேலை வாங்கிய கை, அந்த அரை மணி நேரம் மடியில் கிடக்கிறது. ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இது விளங்கியது. உபயோகமில்லாமல் எரிவதும் எரிவதுதான். இதை நூரியேலிடம் சொல்ல நினைத்தேன். அவன் வாசலில் நின்றபோது மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

இன்னொன்று. மூன்றாம் நாள் என் வாசலில் மூன்று, அவன் வாசலில் ஆறு. நாலாம் நாள் எனக்கு நாலு, அவனுக்கு ஐந்து. மறுநாள் தலைகீழ். ஒரு நாள்கூட நாங்கள் சமமாக இல்லை. ஆனால் இரண்டு வாசலையும் சேர்த்தால் எட்டு நாளும் ஒன்பது.

(பென்சில்: கூட்டிப் பார்த்தேன். சரி.)

ஐந்தாம் நாள் அவனுடைய நாலில் ஒன்று அணைந்தது. நான், மன்னிக்கவும், சாஸோன் தீப்பெட்டியோடு ஓடினான். நூரியேல் கையை மறித்தான். "விடு. ஒரு தடவை முறைப்படி ஏத்தியாச்சு. அணைஞ்சா அணைஞ்சதுதான். திரும்ப ஏத்தணும்னு சட்டம் இல்லை." நூரியேல் தேவையில்லாத ஒன்றை வாழ்நாளில் செய்ததில்லை. பழுதில்லாத கடிகாரத்தைத் திறந்து பார்க்கச் சொன்னால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவான்.

5

எட்டாம் நாள். சாஸோன் வாசலில் எட்டு, எதிரே ஒன்று. மழை என்றால் அப்படி ஒரு மழை. கடைத்தெருப் பக்கமிருந்து மீன்கள் படியேறி வந்து வீட்டு எண் விசாரித்தன.

(பென்சில்: தூறல்.)

சாஸோனின் மனைவி லூலுவா மாவை எண்ணெயில் பிழிந்து, பொரித்து, பாகில் முக்கி எடுத்து முடித்திருந்தாள். விளக்கு எரியும்போது பெண்கள் வேலை செய்வதில்லை. அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சாஸோன் தெருவில் போகும் ஒருவரிடம் தன் திரிகளின் வம்சவரலாற்றை விவரித்ததில் கண்ணாடிப் பெட்டியின் கதவைச் சாத்த மறந்தான். ஒரே வீச்சு. எட்டும் போயிற்று.

"அணைஞ்சா அணைஞ்சதுதான்," என்று எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு உள்ளே வந்தான். குரல் அவன் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

"விளக்கு அணைஞ்சிடுச்சு, எழுந்திரு," என்றான் மனைவியிடம்.

"எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அரை மணி நேரம் என்னை எழுப்பாதே." சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில், "இங்க வா. பேசாம வந்து பாரு," என்றாள்.

[வெளியே, நனைந்த கல்தரையில், ஒரு கிழவன் கெட்ட முழங்காலை ஊன்றி, கண்ணை எண்ணெய்க் கிண்ணத்தருகே கொண்டுபோய், நமுத்த தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக—]

மேலே உள்ள வரியை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றே அடித்தேன்.

காற்றுதான் ஏற்றியது. சாஸோன் வெளியே வந்தபோது எட்டும் எரிந்துகொண்டிருந்தன. பெட்டியின் கதவையும் காற்று சாத்திவிட்டுப் போயிருந்தது. நல்ல வளர்ப்பு.

எதிர்வீட்டுக் கதவு மூடியிருந்தது. ஒற்றை விளக்கு அங்கே, எட்டு இங்கே. சாஸோன் நடுச்சந்தில் நின்று, ஒரு வேலையும் செய்யாமல், ஒன்பதையும் பார்த்தான். லூலுவா வந்து தலையில் துண்டைப் போட்டு இழுத்துப் போகும் வரை பார்த்தான்.

(இந்தத் தாளில் பென்சில் இல்லை.)

6

முடிவுகள்.

ஒன்று: ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது, சாமான் ஏறுகிறது, நூரியேல் போகிறான். ஹைஃபாவில் எல்லாரும் உண்மையே பேசுகிறார்கள். அவன் சலித்துச் சா— இல்லை, இதை நான் எழுத மாட்டேன்.

இரண்டு: வண்டிக்காரன் இருநூறு படிகளைப் பார்த்துத் திரும்பிப் போய்விடுகிறான். (எனக்கே நம்பிக்கை இல்லை.)

மூன்று: வாசகரே, அது உங்களுடையது. வண்டியை வரவழைப்பதும் திருப்பி அனுப்புவதும் உங்கள் பாடு. எனக்கு வேண்டியது வேறு. காற்று ஏற்றவில்லை என்று நூரியேல் சொன்னால், யார் ஏற்றியது என்றும் அவனே எழுத வேண்டும். தெரிந்துதான் இந்தக் கடைசித் தாளை வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் கதவுக்கடியில் செருகினேன். வெள்ளி அந்தியில் ஓய்வுநாள் தொடங்கிவிடும்; எழுதுவதும் வேலைதான் என்பதால் அவன் பென்சிலைத் தொட மாட்டான். சனிக்கிழமை இருட்டி, ஓய்வுநாள் முடிந்ததற்கு அடையாளமாக மூன்று நட்சத்திரம் தெரியும் வரை காத்திருந்தேன். பிறகும் ஒரு மணி நேரம். என் கதவடியில் தாள் உரசும் சத்தம் கேட்டது.

(பென்சில்: காற்றுதான். மேற்கிலிருந்து வந்தது. நானும் பார்த்தேன்.)