அத்தைக்குக் கால் ரெண்டும் போச்சு

ராணுவப் பட்டறையில் யாரும் வண்டிகளை எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எட்டுச் சக்கரமும் கவச உடம்பும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். மேலே என்ன பூட்டியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். வீரர்களை ஏற்றிப் போவது அண்ணன். ரேடியோக்களை அடைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று ஓயாமல் பேசுவது மாமா. யாராவது சேற்றில் சிக்கினால் சங்கிலியோடு இழுக்க வருவது மச்சான். காயம்பட்டவர்களைப் படுக்கவைத்துக் கொண்டுவருவது அத்தை. முன்சக்கரம் இரண்டுக்கும், அவை பூட்டிய அச்சோடு சேர்த்து, கால் என்று பெயர்.

மருமகள் அங்கே ஆறு வருடமாக மெக்கானிக். நாளுக்கு இருபது தடவையாவது அத்தை என்று சொல்லியிருப்பாள், வண்டியை. கணவனின் அம்மாவை மட்டும் அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. கூச்சமா பயமா என்று அவளுக்கே தெரியாது. முழங்கால் வலி முற்றி மாமியார் இவர்களோடு தங்க வந்து மூன்று மாதமாகியும், "இங்க பாருங்க", "சாப்பிட வர்றீங்களா" என்றே காலம் ஓடியது.

ஞாயிறு காலை பட்டறை மேஸ்திரி போன் செய்தார். கழித்துவிட வேண்டிய வண்டிகளின் பட்டியலை மறுநாள் அவர் கொடுத்தாக வேண்டும். இஞ்சின் இரைச்சலில் பேசிப் பழகிய மருமகளின் தொண்டை வீட்டிலும் இறங்காது.

"அத்தைக்குக் கால் ரெண்டும் போச்சு, மேஸ்திரி. ஒட்டுப்போட்டாலும் தாங்காது. எத்தனை நாள்தான் வெச்சுக்கிட்டு மாரடிக்கிறது? இந்த வாரமே வெளிய அனுப்பிடலாம்."

பிறகு மொட்டைமாடிக்குப் போய்த் துணி உலர்த்திவிட்டு இறங்கி வந்தாள். வாசலில் ஒரு பை. பக்கத்தில் கைத்தடியோடு மாமியார். மகள் வீட்டுக்குப் போகிறாராம். வாடகைக் காருக்கும் சொல்லியாகிவிட்டதாம். கணவன் வெளியூரிலிருந்து புதன்கிழமைதான் வருவான். அதற்குள் அவன் அம்மா இப்படி வெளியேறினால், வந்தவன் முகத்தில் எப்படி விழிப்பது?

"என்னங்க ஆச்சு?"

"அனுப்பறதுக்கு முன்னால நாமளே போயிடறது மரியாதை. மூணு மாசமா உன் வாயிலேருந்து அத்தைங்கற சொல்லு வரலையேன்னு பார்த்தேன். இன்னைக்கு வந்துடுச்சு. வந்த லட்சணம்தான் சரியில்லை."

மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது வண்டி, வண்டியின் பெயர் என்று மூச்சு விடாமல் கொட்டினாள். வண்டிக்கு எவனாவது அத்தை என்று பேர் வைப்பானா, யார் காதில் பூச்சுற்றுகிறாய் என்று மாமியார் பையைத் தூக்கினார். காட்டுவதற்குப் படமும் இல்லை; பட்டறைக்குள் செல்போனே கூடாது. கீழே கார் வந்து ஹாரன் அடித்தது.

"அத்தை, நில்லுங்க."

மாமியார் திரும்பாமலே கேட்டார். "யாரைக் கூப்பிடறே? வண்டியையா, என்னையா?"

"உங்களைத்தான்." பையை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

கால் வலிக்கிறது, அதனால்தான் உட்காருகிறேன் என்று சொல்லிக்கொண்டு மாமியார் நாற்காலியில் அமர்ந்தார். மருமகள் ஒரு பழைய மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, நான்கு இடத்தில் எட்டெட்டு வட்டம் வரைந்தாள். ஒவ்வொன்றின் மேலும் அதற்கு உரிய உடம்பை ஏற்றினாள். ஆன்டெனாக்களோடு மாமா வந்ததும், "அசையாம உட்கார்ந்து பேசிக்கிட்டே இருப்பாரா? உன் மாமனாரேதான்" என்று மாமியார் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். கடைசி வண்டிக்குக் கூரை உயரம், பின்கதவு அகலம். அதன் முன்சக்கரம் இரண்டின் மேலும் மருமகள் குறுக்குக்கோடு போட்டாள்.

"இதுவா நான்?"

"அடிபட்டவங்களைச் சுமக்கற வண்டி. பட்டறையில இதைத் தொடும்போது மட்டும் யாரும் சுத்தியலை ஓங்கிப் போட மாட்டாங்க, அத்தை."

மறுபடியும் ஹாரன். மாமியார் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவனைப் போகச் சொல்லு" என்றார்.

மருமகள் இறங்கிப்போய் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தாள். சீட்டு இன்னும் மாமியாரின் மடியில்தான் இருந்தது.

"உள்ளே படுத்திருக்கறவனுக்கு வெளியே ஒண்ணும் தெரியாதே. பயந்துக்க மாட்டானா?"

"கூடவே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பாங்க. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் கையை விடக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க."

மாமியார் சீட்டை மடித்து இடுப்பில் செருகினார். பிறகு புடவையை முழங்கால் வரை ஏற்றிக்கொண்டு, வீங்கியிருந்த காலை மெல்ல மருமகள் பக்கம் நீட்டினார். "அந்தத் தைலத்தை எடு" என்றார்.